இருபத்தொரு பேர் போனார்கள், இருபத்தொரு பேர் வந்தார்கள்

என் மனைவி உமாமகேஸ்வரி இந்த நூற்றாண்டில் என்னிடம் கடைசியாகக் கேட்டது, "மோட்டார நிறுத்திட்டீங்களா?" என்பதுதான்.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. அந்த வாரம் எங்களுடையது. நான் நிறுத்தவில்லை. தொட்டி நிரம்பி, யாரோ காயப்போட்டிருந்த வேட்டிகள் மேல் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. "நிறுத்தியாச்சு" என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடினேன். நான் இறங்கி வருவதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். 1931ஆம் வருஷத்துக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு நகராட்சி வாசலில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கொன்றைப்பேட்டைக்கு ஒரு விசேஷம் உண்டு. இங்கே நடந்த நல்ல காரியம் எதுவானாலும் மார்ச் நான்காம் தேதிதான் நடந்திருக்கிறது. 1931 மார்ச் நான்கில், கீழத்தெருப் பெண்கள் சந்தைப்பேட்டை நகராட்சிக் குழாயில் முதன்முதலாகக் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். அதுவரை அவர்கள் அந்தக் குழாயைத் தொடக்கூடாது. தொடாமல் பார்த்துக்கொள்ளத் தடியோடு ஒரு காவலரே இருந்தார். 1936 மார்ச் நான்கில் கீழத்தெருவுக்கு விளக்குக் கம்பம் வந்தது. 1948 மார்ச் நான்கில், சினிமாக் கொட்டகையில் அந்தத் தெருக்காரர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பெஞ்சைத் தூக்கிவிட்டு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். 1968இல் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை. 1989இல் மில்லில் ராத்திரி வேலை முடிந்து வரும் பெண்களுக்கு பஸ். எல்லாம் மார்ச் நான்கு.

நகராட்சி வாசலில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு கரும்பலகை உண்டு. வருஷம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். மார்ச் நான்கன்று மட்டும் எழுத இடம் போதாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பரீட்சையில் உள்ளூர் வரலாற்றில் எந்தத் தேதி கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு மார்ச் நான்கு என்று எழுதி மார்க் வாங்கிவிடுவார்கள். ஏன் அந்தத் தேதி என்று எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. நல்ல முகூர்த்தமாக இருக்கும் என்பது ஊரின் பொதுவான அபிப்பிராயம்.

2041இல் குழாய் நாளின் நூற்றுப்பத்தாவது ஆண்டு விழா. அதற்காக, பழைய வருஷத்துக்குள் போய்வரும் 'நாள்வாசல்' ஒன்றை நகராட்சி வாடகைக்கு எடுத்தது. அதைக் கொண்டுவந்து பொருத்திய பொறியாளர் ஹரிணி, கல்யாண மண்டபத்தில் எங்களைக் கூட்டிவைத்து விளக்கினாள். சின்னப் பெண். பொறுமைசாலி.

"பூமியை ஒரு டவுன் பஸ்னு வச்சுக்கங்க. சூரியனைச் சுத்தி வருஷத்துக்கு ஒரு ட்ரிப். மார்ச் நாலுங்கிறது ஒரு ஸ்டாப். இந்த ட்ரிப்ல இங்க ஏறினா, பழைய ட்ரிப்லயும் இதே ஸ்டாப்லதான் எறங்க முடியும். மார்ச் அஞ்சுல எறங்க முடியாது."

"சூரியனும் நகருதே பாப்பா?" என்றார் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்.

"அதுக்குத்தான் சார் பட்ஜெட்ல பாதி போயிருச்சு."

"போன எடத்துல எதையாச்சும் மாத்திப்புட்டா?" என்று ஒரு குரல்.

"மாத்த முடியாதுங்க. நீங்க போனதையும் சேத்துத்தான் அது ஏற்கெனவே நடந்து முடிஞ்சிருக்கு. ரெண்டே ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. ஒண்ணு, ஒரு வருஷத்துக்கு வாசல் ஒரு தடவைதான் தொறக்கும். 1931ஐ மூடிட்டா மூடினதுதான். ரெண்டாவது, எத்தனை பேர் போறமோ அத்தனை பேர் திரும்பணும். இல்லாட்டி வாசல் மூடாது."

"மூடலைன்னா?"

"மாவட்டத்துல இருக்கிற கரண்ட் பூரா 1931க்குப் போயிரும்."

இருபத்தொரு பேருக்கு இடம். குலுக்கலில் உமாவின் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன் நான். மின்விசிறிக்கு அடியில் புத்தகம் படிக்கக் கிடைத்தால் போதும். மின்விசிறி இல்லாத வருஷத்துக்குப் போகும் ஆசை எனக்கு இல்லை.

குழுவுக்குத் தலைமை, விழாக்குழுச் செயலாளர் பால்துரை. ஒரு கட்டைப் பை நிறையப் பொன்னாடை எடுத்துக்கொண்டு போனார். பொன்னாடை இல்லாமல் பல் டாக்டரிடம்கூடப் போகாத மனிதர் அவர்.

மதியம் எல்லோருக்கும் மண்டபத்தில் சாப்பாடு. நான் முன்னாலேயே போய், பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு உமாவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். வாசல் வழியாகப் போனவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு பந்திக்குள் நுழைந்தார்கள். காக்கிக் கோட்டும் சிவப்புத் தலைப்பாகையும் போட்ட ஒருவர், தோளில் பொன்னாடை, கழுத்தில் சந்தன மாலை, கையில் தடி சகிதம் வந்து என் கைக்குட்டை மேல் உட்கார்ந்தார். வேஷம் கட்டியவர் என்று நினைத்தேன்.

"அய்யா, இங்க ஆள் வருது."

"அதான் வந்தாச்சுல்ல" என்று இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பருப்பும் நெய்யும் விழுந்தன. சாம்பார் வரை பேசாமல் சாப்பிட்டார். ரசத்தின்போது என் பக்கம் சாய்ந்தார்.

"அய்யாட்ட ஒண்ணு கேக்கணும். நாளையிலருந்து நான் வேலைக்கி வர வேணாமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"மாலை போட்டாய்ங்க. சால்வை போத்துனாய்ங்க. கையத் தட்டி, கையப் பிடிச்சுக் கூட்டியாந்து, சோறும் போடுறாய்ங்க. அப்ப ஓய்வு குடுத்துட்டாய்ங்கன்னுதான அர்த்தம்? இன்னும் கொஞ்சம் சர்வீசு இருக்கேன்னு பாத்தேன்."

"எந்த ஆபீஸ் நீங்க?"

"ஆபீஸ் இல்லய்யா. சந்தைப்பேட்டைக் குழாய்."

ரசம் என் கையிலிருந்து இலைக்கு வழிந்தது. எழுந்து மண்டபம் முழுக்கப் பார்த்தேன். கைகழுவும் இடத்தில் பார்த்தேன். பெண்கள் பக்கம் பார்த்தேன். உமா இல்லை.

ஹரிணி சாப்பிடும் இடத்துக்கே போனேன். "இருபத்தொண்ணு சார். நானே எண்ணினேன். வாசலும் எண்ணிச்சு. சரியா இருந்துச்சு" என்றாள். நான் தலைப்பாகையைக் காட்டினேன். அவள் பால்துரையைப் பார்த்தாள்.

"அவரு நம்ம ஆளுதாண்ணே" என்றார் பால்துரை. "என் கையாலதான பொன்னாடை போட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நடந்ததை அவர்கள் எடுத்த வீடியோவில் பார்த்தேன். குழாயைச் சுற்றி இருபது பேர், சரித்திரம் நடப்பதைப் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பட்டுப்புடவையும் சட்டை மடிப்புமாக இவ்வளவு பேர் சூழ்ந்து நின்றால் கீழத்தெருப் பெண்கள் எப்படிக் குழாய்க்கு வருவார்கள்? அவர்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். சரித்திரம் நடக்கவில்லை. வெயில் ஏறுகிறது. பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்று காவலர் அரை மணிக்கொரு தரம் சல்யூட் அடிக்கிறார். இருபத்தொன்றாவது ஆளான உமா, குழாயைப் பார்க்காமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மேடையைப் பார்க்காமல் சமையற்கட்டை எட்டிப் பார்க்கிற ஆள் அவள். மெல்ல நடந்து படத்தை விட்டு வெளியே போகிறாள். அதுதான் அவள்.

பிறகு பால்துரையின் குரல்: "நிகழ்ச்சி நடக்காட்டியும் பரவால்ல. வந்த எடத்துல யாருக்காச்சும் மரியாதை பண்ணாமப் போனா நல்லாருக்காது." பொன்னாடை. மாலை. காவலரை நடுவில் நிறுத்திக் குழுப் படம். "வாங்க வாங்க, பந்திக்கு நேரமாச்சு" என்று எல்லோரும் கிளம்ப, நடுவில் நின்றவரும் கிளம்பிவிட்டார். மாலையோடு நடுவில் நிற்கிறவரை எங்கள் ஊரில் யாரும் 'நீங்க எங்க வர்றீங்க' என்று கேட்க மாட்டார்கள்.

வீடியோவின் கடைசியில் குழாய் மட்டும் தெரிகிறது. பக்கத்தில் யாரும் இல்லை.

'அன்று ஏனோ காவலர் பணியில் இல்லை' என்று எங்கள் ஊர்ப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. நானே அதை மனப்பாடம் செய்திருக்கிறேன்.

1931ஐ மறுபடி திறக்க முடியாது. ஆனால் அடுத்த மார்ச் நான்கில் 1932ஐத் திறக்கலாம் என்று ஹரிணி சொன்னாள். "இவரையும் கூட்டிட்டுப் போங்க சார். இவரை விட்டுட்டு ஆன்ட்டியக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேர் போய் ரெண்டு பேர் வந்தா வாசலுக்குப் போதும்." சொல்லும்போது அவள் அழுதாள். அவளை யாரும் திட்டவில்லை. எண்ணிக்கை சரியாகத்தானே இருந்தது.

அதுவரை காவலர் எங்கே இருப்பது? அவர் பெயர் சடையப்பன். அறுபதை நெருங்கும் வயது, மனைவி போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அவர் நகராட்சி ஊழியர்தான், ஆனால் எந்தக் காலத்து ஊழியர் என்று முடிவாகும்வரை எதுவும் செய்வதற்கில்லை என்றார் ஆணையர். நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரக்கம் ஒன்றும் இல்லை. அவர்தான் உமாவைத் திரும்பப் பெறுவதற்கான என் டோக்கன். தொலைந்துவிடக் கூடாது, செத்துவிடக் கூடாது.

அந்த ஒரு வருஷம் ஒரு மனிதனை நான் அப்படிப் பார்த்துக்கொண்டேன். அவர் தும்மினால் டாக்டரிடம் ஓடினேன். சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய்ப் பலகாரம் கொடுக்கவில்லை.

"ரத்தினவேலு, ஒரு வடையாவது தாரும்யா."

"கொலஸ்ட்ரால் இருக்குண்ணே ஒங்களுக்கு."

"அது போன வருசம் இல்லையே?"

"போன வருஷம் அதக் கண்டுபிடிக்கல."

தனக்கு இடமாறுதல் ஆகியிருக்கிறது என்பதாக அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார். நூற்றுப்பத்து வருஷம் தள்ளிப் போட்டுவிட்டார்கள், மேலதிகாரி யாருடைய கோபமோ என்றார். கை சும்மா இருக்கவில்லை. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த குடிநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, தடியோடு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களை, "எந்தத் தெரு?" என்று கேட்டார்.

நான் வெட்கப்பட்டு ஓடிப்போய் அவரை எழுப்பினேன். குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னைத் தடுத்தார்.

"இருக்கட்டும் சார். நல்லாப் பாக்குறாரு. இந்த வீட்டு வேலைக்கு வர்ற பொம்பளைங்க, டெலிவரி பசங்க எல்லாம் இதுல புடிச்சுக் குடிக்கிறாங்க. நோட்டீஸ் ஒட்டினேன், கேக்கல. இவரு உக்காந்ததுலருந்து ஒருத்தரும் வரல."

சடையப்பன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் செயலாளரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நான் மாறுதலாகி வந்த ஊரும் அதே ஊருதானாய்யா?"

மேலே வந்ததும் தண்ணீர் கொடுத்தேன். ருசியே இல்லை என்றார். "அந்தக் குழாய்த் தண்ணி எப்படி இருக்கும்ணே?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"யாருக்குத் தெரியும்?"

"எட்டு வருஷம் அங்கயேதான இருந்தீங்க?"

"காவலுக்குத்தான வச்சாய்ங்க, குடிக்கவா வச்சாய்ங்க? எங்க தெருவுக்கும் அதுல பாத்தியதை இல்ல. நான் கெணத்துத் தண்ணி தூக்குச்சட்டியில கொண்டாந்துருவேன்."

அதற்குப் பிறகு அவர் கீழ்த்தளத்தில் உட்காரவில்லை. தடியைத் துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

மார்ச் நான்கு வந்தது. அவரும் நானும் மட்டும் வாசலைத் தாண்டினோம். பால்துரை வழியனுப்ப வந்திருந்தார். வெறுங்கையோடு வந்திருந்தார், பாவம்.

1932. குழாயடியில் பெண்கள் வரிசை. வரிசையின் நடுவில் யாரோ இடையில் நுழைய, யாரோ அதட்டினார்கள். அதட்டிய குரலை முப்பது வருஷமாக எனக்குத் தெரியும். உமா கறுத்திருந்தாள். முழங்கைக்கு மேல் ஏறிய ரவிக்கையும் கண்டாங்கிச் சேலையுமாக இடுப்பில் குடத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஏன் இப்படி எளச்சுட்டீங்க?"

குடத்தை நான் தூக்கிக்கொண்டேன்.

"அன்னிக்கு மோட்டார நிறுத்தலதான? எனக்குத் தெரியும். தெருவுல நடக்குறப்ப தலையில சொட்டுச்சு."

கிடங்குச் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். அந்த ஊரில் எந்தக் கட்டடமும் எனக்கு அடையாளம் தெரியவில்லை, நகராட்சியின் கல் கிடங்கைத் தவிர. உமா இருளாயி என்ற பெண்ணின் வீட்டில் இருக்கிறாளாம். ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாளாம். இந்த ஊரில் தையற்காரி அவள் ஒருத்திதான், வேலைக்குக் குறைவில்லை என்றாள். இருளாயியும் வந்து உட்கார்ந்தாள். சடையப்பனைப் பார்த்ததும் அனிச்சையாக நான்கடி தள்ளி உட்கார்ந்தாள். அதை அவர் கவனித்தார்.

"கெளம்பு உமா. இவர விட்டுட்டு நீ வந்துரலாம்" என்றேன்.

உமா இருளாயியைப் பார்த்தாள். "நீயே சொல்லு."

"நாங்க எட்டு வருசமா தெனமும் வந்தோம்ணே" என்றாள் இருளாயி. "தெனமும் இவரு தடியத் தூக்குவாரு. தள்ளி நிப்போம். யாராச்சும் மனசு வச்சு ஊத்தினா உண்டு. அன்னிக்கும் வந்தோம். கூட்டம் போச்சு, பாத்தா தடி இல்ல. புடிச்சுட்டோம். மறுநாளும் புடிச்சோம்."

"யாரும் சண்டைக்கு வரலையா?"

"சத்தம் போட்டாக. ஆனா தடுக்குறது காவலரு வேலையில்ல? காவலரு வரட்டும், வந்து பாத்துக்கிடுவாருன்னாக. இன்னமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காக."

"வேற ஆள் போட வேண்டியதுதான?"

உமா சிரித்தாள். "அதாங்க விசேஷம். இவரு செத்தாருன்னு யாரும் எழுதிக் குடுக்கல. வேலைய விட்டேன்னு இவரும் எழுதிக் குடுக்கல. லீவும் சொல்லல. அப்ப எடம் காலியில்ல. காலியில்லாத எடத்துக்கு ஆள் போட முடியாதாம். ஒரு வருஷமா நகராட்சியில மண்டையப் பிச்சுக்கிறாங்க."

சடையப்பன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் இனிமேப்பட்டுத் தடியத் தூக்க மாட்டேன் தாயி. சத்தியமா."

"நீங்க தூக்க மாட்டீங்கண்ணே" என்றாள் உமா. "அப்ப உங்களத் தூக்கிட்டு, தூக்குற ஆளாப் போடுவாங்க. நீங்க திரும்பி வந்த நிமிஷம் எடம் உயிர் பெத்துரும். நீங்க கெட்டவரு இல்ல. உங்க வேலை கெட்டது."

இருளாயி எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் பிடித்துவந்தாள். சடையப்பன் முன்னால் நின்று, செம்பைச் சாய்த்தாள். அவர் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார். கோட்டுக் கையெல்லாம் நனைந்தது. அந்த ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் முன்னைவிட நனைந்தது.

"அப்ப நான் இங்கயே இருந்துர்றேன்" என்றேன்.

"ரெண்டு பேர் வந்தீங்க. ரெண்டு பேர் போகணும். இவரோட யார் போறது?"

எனக்கு அப்போது வெட்கம் இல்லை. "இருளாயி, ஒங்க பக்கத்துல யாராச்சும் வெளியூர் போய்ப் பாக்கணும்னு ஆசைப்படுறவங்க…"

"ஏங்க" என்றாள் உமா. அதட்டவில்லை. "இன்னொரு வீட்டு ஆளக் கொண்டுபோய்த் தொலைச்சுட்டு நாம குடும்பம் நடத்தணுமா?"

எனக்கு நடந்ததைத்தான் இன்னொருவருக்குச் செய்யப் பார்த்தேன் என்று விளங்கியது.

மீதி நேரமெல்லாம் வீட்டு விஷயம் பேசினோம். சங்கச் செயலாளரை அவள் திட்டினாள். பீரோ சாவி எங்கே என்று சொன்னாள். கிளம்பும்போது, "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு நாள் பாத்துக்கலாம். எத்தனையோ பேரு துபாய்ல இருந்துகிட்டு அப்படித்தான குடும்பம் நடத்துறாங்க" என்றாள். "அடுத்த மார்ச் நாலும் விடிஞ்சதும் இதே எடத்துல ஒக்காந்திருப்பேன். வர்றப்ப ஊசி கோக்க ஒரு கண்ணாடி வாங்கிட்டு வாங்க. முட்டிக்குத் தைலம்."

திரும்பி வந்த ஒரு மாதத்தில் நாள்வாசல்களை எல்லா ஊர்களிலும் மூட அரசு உத்தரவிட்டது. எங்கோ ஓர் ஊரில், முன்னோர் கல்யாணத்தைப் பார்க்கப் போன கூட்டம், எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று மாப்பிள்ளையையும் நாதஸ்வரக்காரர்களையும் சேர்த்துக் கூட்டி வந்துவிட்டதாம். நான் மனு எழுதினேன். ஹரிணி தலைநகரம் வரை போய் வாதாடினாள். வாசலைப் பிரித்து லாரியில் ஏற்றுவதை நானும் சடையப்பனும் நின்று பார்த்தோம். வாங்கி வைத்த கண்ணாடி வீட்டில் இருக்கிறது. தைலத்தைச் சடையப்பன் முட்டிக்குப் போடுகிறோம். வடையும் கொடுக்கிறேன்.

ரேஷன் அட்டையில் அவள் பெயரை எடுக்கச் சொன்னார்கள். கணினியில் இறந்த தேதி கேட்டது. தேதி எனக்குத் தெரியாது. எப்படிக் கணக்குப் போட்டாலும் அவள் பிறப்பதற்கு முன்பே, நான் பிறப்பதற்கும் முன்பே, இறந்திருக்க வேண்டும். அங்கே இருந்த பையன் முயன்று பார்த்துவிட்டு, "பிறந்த தேதிக்கு முந்தின தேதிய எடுத்துக்க மாட்டேங்குது சார்" என்றான். அதனால் உமா அட்டையில் இருக்கிறாள். மாதா மாதம் அவளுக்கும் சர்க்கரை வருகிறது.

அடுத்த மார்ச் நான்கன்று, வாசல் இல்லாவிட்டாலும், நானும் சடையப்பனும் போய்க் கிடங்குச் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள் அல்லவா, 1933இல்.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிவந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தலையை வெளியே நீட்டினாள்.

"என்ன கோரிக்கைண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒக்காந்திருக்கோம்."

"மார்ச் நாலுல இங்கன வந்து சும்மா ஒக்காந்தா எவன் நம்புவான்?" என்று இறங்கிவந்து அவளும் உட்கார்ந்துகொண்டாள். பெயர் செல்வராணி. "எங்க அப்பத்தாவப் பெத்த இருளாயிக் கெழவி சொல்லும்னு அப்பத்தா சொல்லும். இந்த ஊர்ல மொதமொத சும்மா ஒக்காந்தது ஒரே ஒரு அம்மாதானாம்."

சடையப்பன் என் கையைப் பிடித்தார்.

"தையக்கார அம்மாவாம். வெளியூரு. மார்ச் நாலானா விடிஞ்சதும் இந்தச் செவுத்தோரம் வந்து ஒக்காந்துருமாம், புருசன் வருவாருன்னு. மொத வருசம் வரல. ரெண்டாம் வருசமும் வரல. தனியா ஒக்காந்திருக்கேன்னு தெருப் பொம்பளைக தொணைக்கி வந்து ஒக்காந்தாகளாம். அப்புறம் ஆம்பளைக. மூணு நாலு வருசத்துல பெருங்கூட்டமாயிருச்சு. நகராட்சிக்காரவுக பயந்துபோயி, ஒங்களுக்கு என்னதான் வேணும்னு கேட்டாகளாம். ஒண்ணும் வேணாம்னா போலீச விட்டு அடிப்பாகளேன்னு, யாரோ ஒருத்தி தெருவுக்கு வெளக்கு வேணும்னு சொல்லிட்டா. குடுத்துட்டாக!" செல்வராணி தொடையைத் தட்டிச் சிரித்தாள். "அப்புறமென்ன, எப்படியும் ஒக்காரத்தான போறோம், போறப்ப ஒண்ணு கேட்டுட்டு வருவோம்னு ஆயிப்போச்சு. அந்தம்மா போன பெறகும் ஊருக்குப் பழக்கமாயிருச்சு."

"எப்பப் போனாங்க?"

"சுதந்தரம் வந்து ரெண்டு மூணு வருசம் கழிச்சு. ஐப்பசி மழையில காய்ச்சல். இருளாயிக் கெழவிதான் பக்கத்துல இருந்துச்சாம். அந்த வருசம் மார்ச் நாலுக்கும் வந்து ஒக்காந்திருந்துச்சாம்."

எனக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். "புருஷன் வரலையேன்னு… வருத்தமா இருந்தாங்களாமா?"

"வருத்தமா? நாள் பூரா அவர வையுமாம். சுத்தி இருக்கவுக வயித்தப் புடிச்சுச் சிரிப்பாகளாம். அதக் கேக்குறதுக்குன்னே பாதிக் கூட்டம் வருமாம்."

நான் சிரித்தேன். வெகுநேரம் சிரித்தேன் போலிருக்கிறது. சடையப்பன் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்குள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இன்னும் நான்கைந்து ஆட்டோக்கள் நின்றுவிட்டன. கடைக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி அவசரமாக வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கோரிக்கை என்ன என்று கேட்டார். செல்வராணி என்னைப் பார்த்தாள். நான் சடையப்பனைப் பார்த்தேன். அவர் செல்வராணியைப் பார்த்தார்.

"லேடீஸ் ஆட்டோக்காரங்களுக்கு ஸ்டாண்டுல ஒரு கக்கூஸ் வேணும் சார்" என்றாள் செல்வராணி.

கிடைத்தது. கரும்பலகையில் ஒரு வரி கூடியிருக்கிறது.

இப்போதும் வருஷம் தவறாமல் போய் உட்கார்கிறோம். சந்தைப்பேட்டையில் எல்லாவற்றையும் இடித்துக் கட்டிவிட்டார்கள், அந்தக் கல் கிடங்கு மட்டும் நிற்கிறது. மார்ச் நான்காம் தேதிக்கு வெயிலும் வருஷா வருஷம் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது. சுவர் ஓரத்தில் காலை பத்தரை மணி வரை நிழல் இருக்கிறது.